கிராணி வீட்டு முகவரி

உங்களில் எத்தனை பேர் ரேடியோ பேட்டரியை வெயிலில் காயப் போட்டிருக்கிறீர்கள்? வெட்கப்படாமல் கையைத் தூக்குங்கள். நம் வயதுக்காரர்களில் போடாதவர் யாரும் இருக்க முடியாது. என் மருமகளிடம் இதைச் சொன்னபோது, "பேட்டரி என்ன கருவாடா அத்தே?" என்று சிரித்தாள். கருவாட்டுக்குப் பக்கத்தில்தான் காய்ந்தது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

நான் சொல்வது எழுபதுகளின் நடுப்பகுதி. பத்து காஜா டவுனிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் எங்கள் ரப்பர் தோட்டம் இருந்தது. அப்பா பால் லாரி ஓட்டினார். மரத்துப் பாலை ஏற்றிக்கொண்டு போய் ஆலையில் இறக்குவதுதான் வேலை. அவர் சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் அந்தப் புளித்த வாடை போகாது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற லயத்தில் எங்களுடையது கடைசி வீடு. தோட்டத்து மின்சாரம் பொழுது சாய்ந்த பிறகுதான் வரும். ஆகவே ஞாயிற்றுக்கிழமைப் பகலில் ரேடியோ கேட்க வேண்டுமென்றால் பேட்டரிதான் கதி. சனிக்கிழமை பிற்பகலே நான்கு பேட்டரிகளும் கருவாட்டு முறத்தோடு தகரக் கூரைமேல் ஏறிவிடும்.

தோல் உறை போட்ட ரேடியோ அது. ஈப்போவில் ஒரு சீனர் கடையில் அப்பா பழையதாக வாங்கி வந்தது. வெயிலில் சூடான பேட்டரியை உள்ளே போட்டதும் உறையிலிருந்து புதுச் செருப்பு வாசனை கிளம்பும். அது மூக்கில் ஏறினால்தான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை. ஏரியல் முறிந்து போயிருந்ததால் ஒரு கம்பியை அதில் சுற்றி, மறுமுனையைத் தம்பி கையில் கொடுத்துவிடுவார் அப்பா. தம்பி ஜன்னல் கட்டையில் ஏறி ஆடாமல் நின்றால் ரேடியோ தெளிவாகப் பாடும். மூக்கைச் சொறிந்தால் கரகரக்கும். "ஆடாத லா, டேய்!" என்று அப்பா கத்துவார். இன்றைக்கும் தம்பி வீட்டில் பாட்டு கேட்பதில்லை. கேட்டால் தோள் வலிக்கிறதாம்.

அப்போது ரேடியோ வைத்திருக்க லைசன்ஸ் வேண்டும், ஞாபகம் இருக்கிறதா? ஆண்டுதோறும் தபால் நிலையத்துக்குப் போய் எடுக்க வேண்டும். அப்பா எடுக்கவில்லை. கஞ்சத்தனம் இல்லை, கொள்கை. "பாட்டு காத்துல வாரது. காத்துக்கு எவனாச்சும் லைசன் கேப்பானா? விட்டா மூச்சு விடுறதுக்கும் எடுக்கச் சொல்லுவானுங்க" என்பார். லயத்தில் எல்லா வீட்டு ஆண்களுக்கும் இதே கொள்கைதான். சோதனைக்கு ஆள் வந்து பிடித்துக்கொண்டு போவான் என்ற பயமும் எல்லாருக்கும் இருந்தது.

அதற்காக ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். கையில் ஃபைலோடு முகம் தெரியாத ஆள் யாராவது வந்தால், முதல் வீட்டு அக்கா வாசலில் நின்று, "மழ வருது! துணிய எடுங்க!" என்று கூவ வேண்டும். வெயில் மண்டையைப் பிளந்தாலும் அதே வசனம்தான். உடனே ரேடியோக்கள் அரிசி டின்னுக்குள்ளும் கோழிக்கூண்டுக்குள்ளும் போய்விடும். எங்கள் வீட்டில் தொட்டில். தம்பி எப்போதோ இறங்கிவிட்ட பழைய சேலைத் தொட்டிலை அம்மா இதற்காகவே அவிழ்க்காமல் வைத்திருந்தாள். ஒருமுறை தையல் மிஷின் ஏஜெண்டைப் பார்த்து அக்கா கூவிவிட்டார். அப்பா பதற்றத்தில் ரேடியோவை அணைக்காமலே தொட்டிலில் போட்டு ஆட்டத் தொடங்கினார். ஏஜெண்டு வாசலுக்கு வந்தபோது எங்கள் வீட்டுக் குழந்தை செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. அந்த மனிதர் நல்லவர். "புள்ள நல்லா பேசுதுண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். இன்னொரு நாள் மெய்யாகவே மழை வந்தது. அக்கா கூவினார். நாங்கள் எல்லாரும் ரேடியோவை ஒளித்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கொடியில் கிடந்த துணியெல்லாம் நனைந்து தொங்கியது.

தோட்டத்திலேயே பயமில்லாமல் ரேடியோ கேட்ட வீடு ஒன்றே ஒன்று. அது கிராணி வீடு. ஆபீஸ் எழுத்து வேலையெல்லாம் கிராணி கையில்தான். துரைக்கு அடுத்தபடி அவர். மேட்டில் தனி வீடு. அதன் கூடத்துச் சுவரில், கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில், ரேடியோ லைசன்ஸைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். நவராத்திரிக்குச் சுண்டல் வாங்கப் போகும்போது நாங்கள் சாமியைப் பார்ப்போமோ இல்லையோ, அதைப் பார்த்துவிட்டு வருவோம்.

ஞாயிறு மதியம் நேயர்கள் கேட்ட பாடல்கள் வரும். லயமே எங்கள் வாசலில் கூடிவிடும். மற்ற ரேடியோக்களைவிட எங்களுடையதில் சத்தம் அதிகம், ஏரியல் பிடிக்கத் தம்பியும் இருந்தான். எனக்குப் பாட்டைவிட அதற்கு முன்னால் படிக்கும் பெயர்கள்தான் பிடிக்கும். இன்ன தோட்டம், இன்னார், அவர் துணைவி, பிள்ளைகள், மச்சான், மச்சான் பிள்ளைகள் என்று ரயில் மாதிரி நீளும். தைப்பிங்கில் யாருக்குக் குழந்தை பிறந்தது, சித்தியவானில் யாருக்குக் கல்யாணம் ஆனது என்பதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி. ஆனால் எங்கள் வீட்டிலிருந்து ஒரு கார்டும் போகக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. "பேரு, ஊரு, வீட்டு நம்பரு எல்லாத்தையும் நம்மளே எழுதிக் குடுக்கணுமா? இங்கிட்டு ஒருத்தன் படிப்பான், அடுத்த ரூம்புல ஒருத்தன் லைசன் இருக்கான்னு பாப்பான். நேரா வந்து அள்ளிட்டுப் போயிருவான்" என்பார். நான் அதை முழுசாக நம்பினேன். அடுத்த அறையில் இருக்கும் அந்த ஆளுக்கு மனதில் ஒரு மீசைகூட வைத்திருந்தேன்.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா சமையலறையில் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். ரேடியோவில் யாரோ ஒரு பெண்மணியின் பெயரை மட்டும் தனியாக, நிறுத்தி, அழகாகச் சொன்னார் அறிவிப்பாளர். அம்மாவின் கை அப்படியே நின்றது.

"எவ்ளோ மரியாதையா கூப்புடுறாரு பாரு," என்றாள். "என்னையெல்லாம் பேர் சொல்லி யாரு கூப்புடுறா? எங்கப்பா போனதோட அதுவும் போச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடி அரைக்கத் தொடங்கினாள். எனக்கு அது சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தேன். அப்பா கூப்பிடுவது "இந்தா". லயத்தில் அவள் "லாரிக்காரம்மா". சொந்தக்காரர்களுக்கு என் பெயரைச் சொல்லி, இன்னாரின் அம்மா. மற்ற பெண்களையாவது விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி நம்பர் சொல்லிக் கூப்பிடுவார். என் சம்சாரம் பாலெடுக்க மரம் வெட்டப் போகாது என்று அப்பா ஜம்பமாகச் சொல்லிவிட்டதால் அம்மாவுக்கு அந்த நம்பரும் கிடையாது. நானே அவள் பெயரை அவளுடைய அடையாளக் கார்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பெயரை இங்கே எழுதுவேன் என்று காத்திருக்காதீர்கள். இத்தனை வயதாகியும் அம்மாவைப் பெயர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்புறம் அப்பாவை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

பொங்கலுக்கு வாங்கிய போஸ்ட் கார்டு ஒன்று மிச்சம் இருந்தது. ஐந்தாம் வகுப்பில் என் கையெழுத்துதான் முதல். "ஐயா, நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கி, அம்மாவின் பெயரை மட்டும் பெரிதாக எழுதி, எந்தப் பாட்டாக இருந்தாலும் பரவாயில்லை என்று முடித்தேன். முகவரியில்தான் மாட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டைப் போட்டால் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போவார்கள். போடாவிட்டால் படிக்க மாட்டார்கள். வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டே யோசித்ததில் ஒரு வழி தெரிந்தது. லைசன்ஸ் உள்ள வீட்டை எழுதினால் எவன் வரப்போகிறான்? அழகாக எழுதினேன்: கிராணியார் வீடு.

கார்டை ரொட்டிக்கார பாயிடம் கொடுத்தேன். அவர் மோட்டார் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு தினமும் பத்து காஜாவிலிருந்து வருபவர்.

"யாருக்கும்மா?"

"ரேடியோவுக்கு."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப எனக்கும் தெரியாது" என்று கார்டை ரொட்டிகளுக்கு நடுவே சொருகிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அம்மாவின் பெயர் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. ஐந்தாவது வாரம் நானே மறக்கத் தொடங்கியிருந்தேன். அன்று வாசலில் நல்ல கூட்டம். அப்பா ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். தம்பி கம்பியோடு நின்றான். அம்மா எல்லாருக்கும் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். அறிவிப்பாளர் பத்து காஜா என்றார், எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொன்னார், கிராணியார் வீட்டிலிருந்து என்றார். பிறகு நிறுத்தி, மரியாதையாக, தேன் மாதிரி, என் அம்மாவின் பெயரைச் சொன்னார். அவர் விரும்பிக் கேட்ட பாடல் என்றும் சொன்னார்.

எந்தப் பாட்டாக இருந்தாலும் பரவாயில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா? அந்தப் புண்ணியவான் போட்டது ஆணும் பெண்ணும் கொஞ்சிக் குழையும் காதல் பாட்டு.

வாசலே கொல்லென்று சிரித்தது.

"கிராணி வூட்டுலயா? அங்க யாரு அந்தப் பேருல?"

"அவரு சம்சாரம் பேரு அது இல்லியே!"

"பாத்தியா லா, ஒன்னும் தெரியாத பூன மாதிரி இருந்தாரு மனுஷன்!"

எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் என் அப்பாதான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்துவிட்டு அம்மா பக்கம் திரும்பி, "இந்தா, யாரு இவ? நம்ம தோட்டத்துல அப்படி ஒருத்தி இருக்காளா?" என்று கேட்டார்.

சத்தியமாகச் சொல்கிறேன், கேட்டார். பன்னிரண்டு வருடம் குடும்பம் நடத்திய மனிதர்.

அம்மா கோப்பிப் பாத்திரத்தோடு நின்றாள். அவளுக்குக் கேட்டிருந்தது. காது நுனிவரை சிவந்து போயிருந்தது. "எனக்கெப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் ஓடிப் போய்க் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

பாட்டு முடிந்து அரைமணி நேரம் ஆகியிருக்காது. மேட்டிலிருந்து ஒரு கறுப்புக் குடை இறங்கி வந்தது. குடைக்குக் கீழே கிராணி சம்சாரம். லகாட் ஊரில் வசதியான வீட்டுப் பெண், லயத்துப் பக்கம் கால் வைக்காதவர். அவருக்குப் பின்னால், வேலையாட்களின் பெயர் பதியும் செக்ரோல் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கிராணி ஓடி வந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது.

"சத்தியமா அப்படி ஒரு பேரே இந்தப் பொஸ்தகத்துல இல்ல, நீயே பாரு!"

"அப்ப பொஸ்தகத்துல இல்லாதவளாத்தான் தேடிப் புடிச்சிருக்கீங்க!"

அம்மையார் முதல் வீட்டிலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு வாசலாக நின்று, "உன் பேரு என்ன?" என்று கேட்டார். இந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மழை வருது என்று கூவும் அக்கா தன் பெயரைச் சொல்வதற்குள் மூன்று தடவை சிரித்துவிட்டார். அவர் பெயர் ஒரு நதியின் பெயர். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்குப் பூவின் பெயர். ஆட்டுக்காரி என்று எல்லாரும் கூப்பிட்டவருக்கு மகாராணிக்கு வைக்கிற மாதிரி ஒரு பெயர்! சொல்லச் சொல்ல மற்ற பெண்கள், "அட, ஒம் பேரு அதுவா?" என்று ஆச்சரியப்பட்டார்கள். புருஷன்மார்களில் சிலரும் ஆச்சரியப்பட்டதாக எனக்கு ஞாபகம். லயத்துப் பெண்களுக்கெல்லாம் பெயர் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

கடைசியாகக் குடை எங்கள் வாசலுக்கு வந்தது. அம்மா உள்ளே இருந்தாள். அப்பா ரேடியோவும் சிரிப்புமாக உட்கார்ந்திருந்தார்.

"ஒங்க சம்சாரம் பேரு என்னங்க?"

அப்பா வாயைத் திறந்தார். சிரிப்பு அப்படியே இருந்தது, வார்த்தை வரவில்லை. பிறகு சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. அவர் முகத்தில் நிறம் மாறியதை நான் கதவிடுக்கில் பார்த்தேன். "அது... வந்து..." என்றார். லயம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "எம் பேரா?" என்று கேட்டு, தலையை நிமிர்த்திச் சொன்னாள்.

தம்பி கம்பியைக் கீழே போட்டுவிட்டான். ரேடியோ கரகரத்தது.

"ஐயோ, முருகா!" என்று அலறியவர் கிராணி. "லாரிக்காரண்ணே, ஒங்க வூட்டம்மாகிட்ட நான் நின்னு பேசினதுகூட இல்லண்ணே!"

அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். யார் மேல் பாய்வது என்று அவருக்கே தெரியவில்லை. இனிமேல் ஒளிந்திருந்தால் கொலை விழும் என்று நினைத்து நான் வெளியே வந்தேன்.

"நாந்தான் எழுதுனேன்."

"நீயா? தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போவ வேண்டிய கழுத! ஏன்டி கிராணியாரு வூட்ட எழுதுன?" என்று அப்பா கத்தினார்.

"அவுங்க வூட்லதானே லைசன் இருக்கு? நம்ம வூட்ல இல்லியே!" என்று நான் அழுதுகொண்டே கத்தினேன்.

அப்பா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். குடைக்காரம்மாவின் முகத்தில் கோபம் இறங்கி, வேறொன்று ஏறியது. மெதுவாகத் தன் கணவர் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, அந்த லைசன் எங்கப்பா கல்யாணத்துக்கு ரேடியோ குடுத்தப்ப கூட எடுத்துக் குடுத்தது. அதுக்கப்புறம் நீங்க வருஷா வருஷம் எடுத்தீங்கதானே?"

கிராணி அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். மேகம் என்று பெயருக்கு ஒன்று கிடையாது.

"மழ வரும்போல இருக்கு," என்றார்.

அந்தச் சிரிப்பு அடங்க ரொம்ப நேரமாயிற்று. அம்மையாரும் சிரித்துவிட்டார். போகும்போது அம்மாவின் கையைப் பிடித்து, பெயர் சொல்லி, "மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

எல்லாரும் போன பிறகு அப்பா பிரம்பை எடுத்தார். அம்மா எனக்கு முன்னால் வந்து நின்றாள். அப்பா பிரம்பைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிரம்பை மறுபடி மாட்டினார்.

"மத்தியானம் கேட்டப்பவே நான்தான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்களாச் சொல்லுவீங்களான்னு பாத்தேன்."

"கல்யாணப் பத்திரிகைல ஒரு தடவ பாத்தது..." என்று முனகினார் அப்பா. அந்தச் சாயங்காலம் எங்கள் வீட்டில் ரேடியோ பாடவில்லை. இனிமேல் பாடவே பாடாது என்று நினைத்து நான் அழுதேன். அம்மாவை சந்தோஷப்படுத்தப் போய் அவளை ஊர் சிரிக்க வைத்துவிட்டேனே என்று அதைவிட அதிகமாக அழுதேன்.

அடுத்த சனிக்கிழமை வேலை முடிந்ததும் அப்பா குளித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, அம்மாவின் அடையாளக் கார்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு அவளையும் பஸ்ஸில் ஏற்றிப் பத்து காஜாவுக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ரேடியோ லைசன்ஸ். அதில் இருந்தது அம்மாவின் பெயர்.

"ஏன் அவுங்க பேருல எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"நாளைக்குக் கேஸுன்னு வந்தா அவளத்தான புடிப்பாங்க" என்றார். அதையும் நான் நம்பினேன், பல வருடம். இப்படிப்பட்ட அப்பாவா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டும் இருந்தேன். லைசன்ஸ் எடுத்துவிட்டால் அப்புறம் ஏது கேஸ் என்று யோசிக்க எனக்குத்தான் மூளை இல்லை.

நிஜமான லைசன்ஸ்காரர் வந்தது நான் இடைநிலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது. மலாய்க்கார அதிகாரி, மோட்டாரில் வந்தார். "மழ வருது! துணிய எடுங்க!" என்று அக்காவின் குரல் கேட்டது. வீட்டுக்கு வீடு ரேடியோக்கள் அடங்கின. கோழிகள் கத்தின. அப்பா மட்டும் அசையவில்லை. எங்கள் ரேடியோவின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

அதிகாரி அதைக் கேட்டு நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். அப்பா தகரப் பெட்டியைத் திறந்து அந்த வருடத்து லைசன்ஸ் காகிதத்தை நீட்டினார். அதிகாரி பார்த்தார். அப்பாவின் மீசையைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"இனி சியாப்பா?" என்றார். இது யார் என்று கேட்கிறார்.

"பினி சாயா, துவான். என் சம்சாரம்," என்றார் அப்பா, நெஞ்சை நிமிர்த்தி.

ஆளை வரச் சொல்ல வேண்டும் என்று சைகை காட்டிவிட்டு, அதிகாரி வீட்டுக்குள் பார்த்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி, உரக்க அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார். தமிழ் பேசாத வாயில் அந்தப் பெயர் புதுசாகக் கேட்டது. அம்மா வெளியே வரவில்லை. நான் சமையலறைக்கு ஓடினேன். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். முகம் கழுவி, பொட்டு வைத்து, சேலைத் தலைப்பைச் சரி செய்து, எல்லாம் தயாராகத்தான் இருந்தாள்.

"போங்கம்மா, கூப்புடுறாங்க."

"காது கேக்குது. இரு, இன்னொரு தடவ கூப்புடட்டும்."

கூடத்தில் அப்பா தொண்டையைச் செருமினார். "இந்தா" வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை. பிறகு, பாதியை விழுங்கி, துருப்பிடித்த குரலில், வந்தது அவள் பெயர். முழுப் பெயர்.

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது. ஆனால் நகரவில்லை.

"ரேடியோ சத்தத்துல சரியா கேக்கலயாம்னு போய்ச் சொல்லு," என்றாள்.